விமான மூக்கில் இருக்கும் பெண் எங்கிருந்து வந்தாள்? மூக்கோவியத்தின் வேரைத் தேட ஒரு தொடக்க வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் புகைப்படம் ஒன்று. நான்கு எஞ்சின் கொண்ட குண்டுவீச்சு விமானம். விமானி உட்காரும் கூண்டுக்குக் கீழே நீச்சலுடையில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு பெயர், அதற்கும் கீழே வரிசையாகக் குட்டிக் குட்டிக் குண்டுகள். முன்னால் பத்துப் பேர் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். விமானத்தின் மூக்குப் பகுதியில் இப்படி வரையப்பட்ட படத்தைத்தான் நோஸ் ஆர்ட் என்கிறார்கள். தமிழில் மூக்கோவியம் என்று சொல்லலாம்.

‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கும்போது உண்மையில் நாம் கேட்பது ஒரு கேள்வி அல்ல. விமானத்தில் படம் வரையும் பழக்கம் எங்கே தொடங்கியது என்பது ஒன்று. இந்த உருவத்தை ஓவியர் எதைப் பார்த்து வரைந்தார் என்பது இன்னொன்று. இந்தப் பெயரை யார், எதை நினைத்து வைத்தார்கள் என்பது வேறொன்று. மூன்றுக்கும் விடை வெவ்வேறு இடத்தில் கிடைக்கும். பல சமயம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. மூன்றையும் கட்டி நிறுத்தும் முளை ஒன்றே ஒன்றுதான்: விமானத்தின் தொடர் எண். படத்தை அழித்து வேறு படம் வரையலாம், பெயரை மாற்றலாம், விமானம் வேறு பிரிவுக்குப் போகலாம். தொழிற்சாலை கொடுத்த எண் மாறாது. தேடுகிறவர் முதலில் பழக வேண்டியது படத்தைப் பார்ப்பதற்கு அல்ல, எண்ணைப் பார்ப்பதற்கு.

பழக்கத்தின் வேர்

1913இல் இத்தாலியப் பறக்கும் படகு ஒன்றின் மூக்கில் வரையப்பட்ட கடல் பூதம்தான் பதிவான முதல் மூக்கோவியம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதைவிட முதல் உலகப் போரில் நடந்தது நமக்கு அதிகம் உதவும். பிரெஞ்சுக்காரர்களின் நாரைச் சின்னம், அமெரிக்க 94ஆம் ஸ்குவாட்ரனின் (சில விமானங்கள் கொண்ட சிறு படைப்பிரிவு) ‘வளையத்துக்குள் தொப்பி’ ஆகியவை ஒரு பிரிவின் எல்லா விமானத்திலும் இருந்த பொதுச் சின்னங்கள். இத்தாலிய விமானி ஃபிரான்செஸ்கோ பராக்கா தன் விமானத்தில் வரைந்துகொண்ட துள்ளும் குதிரை தனியொருவரின் அடையாளம். அவர் 1918 ஜூனில் இறந்தார்; பின்னாளில் ஃபெராரி கார்களில் ஏறி உலகம் முழுக்கப் போனது அந்தக் குதிரைதான்.

இந்த இரண்டு வகைகளையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் பாடம். படம் பிரிவின் சின்னமா, அந்த ஒரு விமானத்தின் படமா? பிரிவின் சின்னமென்றால் அதை உருவாக்கியவரையும் அனுமதித்த ஆணையையும் அதிகாரப்பூர்வக் கோப்புகளில் தேட வேண்டும். இரண்டாம் போரின்போது வால்ட் டிஸ்னி ஸ்டூடியோ மட்டுமே ஏறத்தாழ 1,200 பிரிவுச் சின்னங்களைக் காசு வாங்காமல் வரைந்து கொடுத்தது. விமானத்துக்கு மட்டுமே சொந்தமான படமென்றால் கோப்பில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. புகைப்படங்கள், கடிதங்கள், வீரர்களின் நாட்குறிப்புகள், பழைய பத்திரிகைகள் இவைதான் துணை.

ஒரு உருவம் கைமாறிக் கைமாறிப் போவதற்குச் சுறா வாய் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கத் தன்னார்வ விமானிகளான ‘ஃபிளையிங் டைகர்ஸ்’ 1941இல் தங்கள் பி-40 போர் விமானங்களில் வரைந்த பற்களைப் பார்த்துவிட்டு அவர்களே அதைக் கண்டுபிடித்தவர்கள் என்று நினைப்பவர்கள் அதிகம். அவர்கள் அதை எடுத்தது, வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் 112ஆம் ஸ்குவாட்ரனின் டோமஹாக் (பி-40இன் பிரிட்டிஷ் பெயர்) விமானப் படம் ஒன்றைப் பத்திரிகையில் பார்த்து. அவர்களுக்கு முன் அதே பற்களை அணிந்திருந்தவை ஜெர்மானிய மெசர்ஷ்மிட் 110 விமானங்கள். அதற்கும் முன்னால் முதல் போரின் ஜெர்மானிய ரோலண்ட் விமானங்களிலும் அப்படி வாய் வரைந்திருக்கிறார்கள். எதிரியின் விமானத்தில் பிறந்த முகம் மூன்று கண்டம் சுற்றி எதிர்த்தரப்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ‘முதலில் வரைந்தவர்’ என்ற பட்டத்தைக் கொடுக்குமுன் இன்னும் ஒரு படி பின்னே போய்ப் பார்க்க வேண்டும்.

குண்டுவீச்சு விமானத்தில் இந்தக் கலை இவ்வளவு பெரிதானதற்குக் காரணம் எளிது. போர் விமானத்தில் ஒருவர். பி-17, பி-24இல் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கும் தாங்கள் ஏறும் இயந்திரத்தை மற்ற நூறு இயந்திரங்களிலிருந்து பிரித்துச் சொல்ல ஒரு முகம் தேவைப்பட்டது. வரைய இடமும் இருந்தது, அதிலும் பி-24 லிபரேட்டரின் பக்கச்சுவர் பலகை மாதிரித் தட்டையானது. மிகப் பெரிய மூக்கோவியங்கள் அதில் இருப்பது தற்செயல் அல்ல. அமெரிக்க ராணுவ விமானப்படை பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டது. அமெரிக்கக் கடற்படை கறாராக இருந்தது. பிரிட்டிஷ் படங்கள் பொதுவாகச் சிறியவை.

மெம்ஃபிஸ் பெல்: ஒரே படத்துக்கு எத்தனை வேர்கள்

தேடுவது எப்படி என்பதைத் தெளிவாகக் காட்டும் விமானம் பி-17எஃப், எண் 41-24485. இங்கிலாந்தின் பாசிங்பர்ன் தளத்தில் 91ஆவது குண்டுவீச்சு குரூப்பில் (பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த பிரிவு) இருந்தது. விமானி ராபர்ட் மோர்கன்.

பெயரில் தொடங்குவோம். அவருடைய காதலி மார்கரெட் போக் மெம்ஃபிஸ் நகரத்துப் பெண். அவளைச் செல்லமாக அழைக்கும் ‘லிட்டில் ஒன்’ என்ற பெயரைத்தான் மோர்கன் முதலில் வைக்க நினைத்திருந்தார். பிறகு துணை விமானியுடன் பார்த்த ஒரு சினிமாவில் ‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற பெயரில் ஆற்றுப்படகு ஒன்று வந்தது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆக, ‘காதலியின் பெயர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. காதலி காரணம், பெயர் வந்த வழி சினிமா.

உருவத்தின் வேர் இன்னொரு ஊரில் இருக்கிறது. படத்திலிருக்கும் பெண் மார்கரெட் அல்ல. ஜார்ஜ் பெட்டி என்ற ஓவியர் எஸ்குவயர் பத்திரிகையின் 1941 ஏப்ரல் இதழுக்கு வரைந்த பெண் அவள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பது பெட்டி வரைந்த பெண்களின் அடையாளம். மெம்ஃபிஸ் பெல்லின் கையிலும் தொலைபேசி இருக்கிறது. படம் வேண்டுமென்று மோர்கன் பெட்டியைத் தொடர்புகொண்டு கேட்டு வாங்கினார். அதைத் தகட்டில் ஏற்றியவர் அந்தப் பிரிவிலேயே பணிபுரிந்த டோனி ஸ்டார்சர். நூற்றுக்கும் மேற்பட்ட பி-17களுக்கு வரைந்த கை அது. இடப்பக்கம் நீல நீச்சலுடை, வலப்பக்கம் சிவப்பு. இந்த நிற விவரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மோர்கன் குழு 25ஆவது தாக்குதலை 1943 மே 17 அன்று முடித்தது. விமானம் தன் 25ஆவது பறப்பை முடித்தது இரண்டு நாள் கழித்து, வேறு குழுவுடன். குழுவின் கணக்கும் விமானத்தின் கணக்கும் வேறு வேறு. மூக்கில் வரைந்த குண்டுகளை எண்ணி ‘இந்த விமானி இத்தனை முறை போனார்’ என்று எழுதுவது தொடக்கக்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

எப்படி வரைந்தார்கள் என்று தெரிந்தால் எதைத் தேடுவது என்று தெரியும்

ஓவியர்கள் பெரும்பாலும் போருக்கு முன் விளம்பரப் பலகை எழுதியவர்கள், ஓவியப் பள்ளியில் படித்தவர்கள், அல்லது வெறும் கைத்திறன் உள்ள மெக்கானிக்குகள். வேலைநேரம் முடிந்தபின் கூலிக்கு வரைந்தார்கள். எண்ணெய் பீப்பாய்களின் மேல் பலகை போட்டோ, பராமரிப்பு ஏணியில் நின்றோ வரைய வேண்டும்.

முதல் வேலை தகட்டைத் துடைப்பது. விமானத்தின் மேல் எப்போதும் எண்ணெயும் புகைக்கரியும் படிந்திருக்கும். பெட்ரோலில் நனைத்த துணியால் அதை எடுத்தால்தான் வண்ணம் ஒட்டும். பிறகு பத்திரிகைப் படத்தின் மேல் கட்டம் போடுவார்கள். பக்கத்தில் 25 செ.மீ. உயரமுள்ள பெண்ணை விமானத்தில் 150 செ.மீ. ஆக்க வேண்டுமென்றால் ஆறு மடங்கு. பத்திரிகையில் 1 செ.மீ. கட்டம், தகட்டில் சாக்கட்டியால் 6 செ.மீ. கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் கோட்டை அப்படியே பெயர்த்துவிட்டால் விகிதம் தப்பாது. அடுத்து வெள்ளை அடிப்பூச்சு, அதன் மேல் தோல் நிறம், நிழல், உடை, கடைசியில் கறுப்பு விளிம்புக்கோடு. எழுத்தைத் தனியாக எழுதுவார்கள். சில இடங்களில் எழுத்தும் படமும் வேறு வேறு கை. கிடைத்தது எதுவோ அதுதான் வண்ணம்: விமானத்துக்கான லாக்கர், எனாமல், ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வீட்டுப் பெயின்ட், சிறு குழாய்களில் வரும் ஓவிய வண்ணம்.

இதில் கெட்டுப்போவதும் உண்டு. 1944 தொடக்கத்திலிருந்து அமெரிக்க விமானங்கள் பச்சைப் பூச்சு இல்லாமல் வெறும் அலுமினியமாகவே தொழிற்சாலையிலிருந்து வர ஆரம்பித்தன. பூச்சின் மேல் வரைந்தது பிடித்து நின்றது. வழவழப்பான வெறும் உலோகத்தில், அடிப்பூச்சு சரியாக இல்லாவிட்டால், குளிரில் உலோகம் சுருங்கி வெயிலில் விரியும்போது வண்ணம் செதில் செதிலாக உரியும். அதனால் ஒரே படத்தை இரண்டு, மூன்று முறை தொட்டுத் திருத்தியிருப்பார்கள். இரண்டு புகைப்படங்களில் பெண்ணின் முகமோ முடியோ மாறியிருந்தால் இரண்டு விமானம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆணிவரிசையையும் ஜன்னல் ஓரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கால் நுனி எந்த ஆணிக்குப் பக்கத்தில் முடிகிறது என்பது திருத்தி வரைந்தாலும் பெரும்பாலும் மாறாது.

மூலப் படத்தைப் பிடிப்பது

அமெரிக்க மூக்கோவியப் பெண்களில் பெரும் பகுதி ஒரு சில இடங்களிலிருந்து வந்தவர்கள். எஸ்குவயரில் பெட்டி, அவருக்குப் பின் 1940 முதல் அதே பத்திரிகையில் பெருவில் பிறந்த ஆல்பெர்டோ வர்காஸ், அவருடைய ‘வர்கா’ பெண்கள் நடுப்பக்கத்திலும் ஆண்டு நாட்காட்டியிலும் வந்தார்கள், மின்னசோட்டாவின் லூயிஸ் எஃப். டவ் நிறுவனத்துக்குக் கில் எல்வ்கிரென் வரைந்த பெண்கள். இவற்றோடு பத்திரிகைச் சித்திரக்கதைகள்: மில்டன் கேனிஃபின் ‘மிஸ் லேஸ்’, ‘டிராகன் லேடி’, அல் காப்பின் மலைநாட்டுப் பாத்திரங்கள். பிறகு கார்ட்டூன் முயல்களும் வாத்துகளும். வர்காவின் படங்கள் ஆபாசமா என்று அமெரிக்க அஞ்சல் துறை 1943இல் எஸ்குவயரோடு மோதி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1946இல் பத்திரிகை வென்றது. அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அதே பெண்கள் விமானத்தில் ஏறி ஐரோப்பாவின் மேல் பறந்துகொண்டிருந்தார்கள்.

ஒப்பிடும்போது முகத்தைப் பார்க்காதீர்கள். முகம்தான் ஓவியருக்கு ஓவியர் அதிகம் மாறும் இடம். உடை, முடி நிறம், கையில் பிடித்த பொருள் மூன்றையும் விட்டுவிடுங்கள். குழு கேட்டபடி அவற்றை மாற்றியிருப்பார்கள், நாற்காலி இருந்த இடத்தில் குண்டு வந்திருக்கும். பார்க்க வேண்டியது உடலின் கோணம். இடுப்புக்கும் கைக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தின் வடிவம், முழங்கால் மடங்கும் கோணம், விரல்கள் விரியும் விதம், பாதம் திரும்பிய பக்கம். அந்த வெற்றிடத்தைத் தனியாக ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு தேடினால் வேலை பாதியாகும்.

மூலத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பியும் பார்க்க வேண்டும். விமானத்தின் இடப்பக்கத்தில் நின்று பார்த்தால் மூக்கு நம் இடக்கைப் பக்கம் இருக்கும். பெண் முன்னோக்கிப் பார்க்க வேண்டுமென்று ஓவியர் விரும்பினால், பத்திரிகையில் வலம் பார்த்திருந்தவளை இடமாகத் திருப்பித்தான் வரைவார். திருப்பிப் பார்க்காததால் மட்டுமே தவறவிடப்படும் பொருத்தங்கள் ஏராளம்.

அடுத்தது தேதி. இதழ் வந்த மாதம் புகைப்படம் எடுத்த நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தளத்துக்கு இதழ் கப்பலில் போய்ச் சேரும் வாரங்களையும் கணக்கில் கொள்ளுங்கள். இதழில் வந்த படம் மறு ஆண்டு நாட்காட்டியிலும் சீட்டுக்கட்டிலும் திரும்ப வந்திருக்கலாம். ஆகவே ‘முதலில் வெளியான இடம்’ என்பதும் ‘ஓவியர் கையில் இருந்த பிரதி’ என்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முதலாவதை உறுதியாகச் சொல்லலாம்; இரண்டாவதைச் சாட்சி இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

ஒரே வர்கா பெண் பல விமானங்களில், பல தளங்களில் இருப்பாள். மூலம் கிடைத்துவிட்டது என்பதால் விமானம் கிடைத்துவிட்டது என்று ஆகாது.

பெயர்

பிரிட்டிஷ் விமானங்களில் பெயருக்கான சாவி பல சமயம் அழைப்பு எழுத்தில் கிடைக்கும். ஸ்குவாட்ரனில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. ‘ஜே’ எழுத்தைக் கொண்ட 9ஆம் ஸ்குவாட்ரனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் டபிள்யூ4964க்கு ஜானி வாக்கர் விஸ்கி விளம்பரத்து மனிதர் பொருத்தமானார். கீழே அந்த விளம்பரத்தின் வாசகமும் வந்தது. யார்க்‌ஷயரில் 158ஆம் ஸ்குவாட்ரனின் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் எல்வி907க்கு ‘எஃப்’. அதற்கு முன் எஃப் எழுத்தோடு போன விமானங்கள் திரும்பாமல் போயிருந்தன. எஃப் என்றால் ஃப்ரைடே. குழு வீம்பாக ‘ஃப்ரைடே தி 13த்’ என்று எழுதி, தலைகீழ் குதிரை லாடத்தையும் மண்டையோட்டையும் வரைந்துகொண்டது. அபசகுனம் அத்தனையும் சுமந்த அந்த விமானம் 128 முறை போய்த் திரும்பியது.

அமெரிக்க விமானங்களில் காதலி, ஊர், சினிமா, பாட்டு, சிலேடை இவைதான் பெரும்பாலும். பெயர் குழுவோடு மாறும் என்பதற்கு பி-17ஜி 42-32076 சாட்சி. ஆண்ட்ரூஸ் சகோதரிகளின் பாட்டிலிருந்து ‘ஷூ ஷூ பேபி’ என்று முதல் விமானி பெயர் வைத்தார். அவர் பணி முடித்துப் போனபின் வந்த குழு இன்னொரு ‘ஷூ’ சேர்த்தது. அந்த விமானம் 1944 மே 29இல் எஞ்சின்கள் செயலிழந்து ஸ்வீடனில் இறங்கியது. இரண்டு ‘ஷூ’ உள்ள படம் முந்தியது, மூன்று உள்ளது பிந்தியது. ஒரு சொல்லே தேதி சொல்கிறது. அந்தப் பாட்டு அப்போது எல்லா வானொலியிலும் ஒலித்ததால் அதே பெயரில் வேறு விமானங்களும் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

எண்ணைப் படிப்பது

அமெரிக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அந்த விமானத்துக்கு நிதி ஒதுக்கிய ஆண்டு. கட்டி முடித்த ஆண்டு அல்ல. வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள். 41-24485 என்பது வாலில் 124485. 42-32076 என்பது 232076. வாலில் 2இல் தொடங்கும் எண்ணைப் பார்த்தால் முன்னால் 4 சேர்த்து, இரண்டாம் இலக்கத்துக்குப் பின் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வால் படத்தில் இல்லையென்றால் விமானிக் கூண்டுக்குக் கீழே இடப்பக்கம் சிறிய எழுத்தில் அச்சடித்த தகவல் கட்டம் இருக்கும்: வகை, உற்பத்தித் தொகுதி, முழு எண். நல்ல பிரதியை உயர் தெளிவில் ஸ்கேன் செய்தால் அது பல சமயம் படிக்கக் கிடைக்கும். இணையத்தில் சுற்றும் சுருங்கிய பிரதியில் அது வெறும் புள்ளிக்கூட்டம். மூக்கோவியத் தேடலில் அதிகம் பலன் தரும் செலவு ஆவணக் காப்பகத்திலிருந்து நல்ல ஸ்கேன் வாங்குவதுதான்.

அதுவும் இல்லையா? வாலில் முக்கோணமா, வட்டமா, சதுரமா என்று பாருங்கள். இங்கிலாந்திலிருந்த அமெரிக்க 8ஆம் விமானப்படையில் முக்கோணம் முதல் டிவிஷன், வட்டம் இரண்டாவது, சதுரம் மூன்றாவது. உள்ளே இருக்கும் எழுத்து குரூப்பைச் சொல்லும். முக்கோணத்துக்குள் ஏ என்றால் 91ஆவது குரூப். உடலில் எழுதிய இரண்டு எழுத்து ஸ்குவாட்ரன். மெம்ஃபிஸ் பெல்லின் டி.எஃப். என்பது 324ஆம் ஸ்குவாட்ரன். பிரிட்டிஷ் முறையும் கிட்டத்தட்ட இதுதான். எழுத்து விமானத்தோடு போகாது, பிரிவோடு தங்கும். இன்று லண்டன் ஆர்.ஏ.எஃப். அருங்காட்சியகத்தில் நிற்கும் லங்காஸ்டர் ஆர்5868, 83ஆம் ஸ்குவாட்ரனில் ‘கியூ’. பின்னர் ஆஸ்திரேலிய 467ஆம் ஸ்குவாட்ரனில் ‘எஸ்’. எதிரி விமானம் எதுவும் ஜெர்மன் ரைஷ் எல்லைக்குள் பறக்காது என்ற ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங்கின் வீராப்பு அதன் மூக்கில் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுக் குறிகள் அதற்குப் பதில் சொல்கின்றன.

எண் கிடைத்தபின் ஆவணம். அமெரிக்க விமானம் திரும்பவில்லையென்றால் ‘காணாமல்போன விமானக்குழு அறிக்கை’ என்ற படிவம் உண்டு, 1943இலிருந்து. எண், குழுவின் பெயர்கள், சில சமயம் விமானத்தின் செல்லப்பெயரும் அதில் இருக்கும். பிரிட்டிஷ் விமானமென்றால் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 27 வரிசையில் ஸ்குவாட்ரன்களின் பணிப் பதிவேடுகள். அதில் 541ஆம் படிவத்தில் எந்த இரவு எந்த எண் விமானத்தில் யார் போனார்கள் என்று வரி வரியாக இருக்கும். அங்கே மூக்கோவியத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது. ஆனால் படத்தில் நிற்கும் முகங்களையும் விமானத்தையும் ஒரு நாளில் இணைத்துக் காட்டுவது அந்த வரிதான்.

ஏமாறும் இடங்கள்

நாகசாகி மீது 1945 ஆகஸ்ட் 9 அன்று குண்டு போட்ட பி-29 ‘பாக்ஸ்கார்’, எண் 44-27297. இன்று அமெரிக்காவின் டேட்டன் நகர விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் அதன் மூக்கில் ரயில் பெட்டி ஒன்று நாகசாகியை நோக்கிப் போகிறது. அந்தப் படம் தாக்குதலுக்குப் பின் வரையப்பட்டது. போன நாளில் மூக்கில் படமோ பெயரோ கிடையாது, 77 என்ற எண் மட்டும். வழக்கமாக அதை ஓட்டும் ஃபிரெடரிக் பாக்கின் குழு அன்று ‘தி கிரேட் ஆர்ட்டிஸ்ட்’ விமானத்தில் அளவீட்டுக் கருவிகளோடு போனது; அந்த விமானத்துக்குரிய சார்லஸ் ஸ்வீனியின் குழு பாக்ஸ்காரில் குண்டோடு போனது. குழு மாறியதைச் செய்தியாளர்கள் கவனிக்காததால் குண்டு போட்டது ‘தி கிரேட் ஆர்ட்டிஸ்ட்’ என்றே முதலில் எழுதப்பட்டது. இந்த விமானங்கள் இருந்த 509ஆவது பிரிவு எதிரியை ஏமாற்ற வேண்டுமென்றே மற்ற குரூப்களின் வால் குறிகளையும் அணிந்தது. ஹிரோஷிமா மீது குண்டு போட்ட எனோலா கேயின் வாலில் இருக்கும் வட்டத்துக்குள் ஆர் இன்னொரு குரூப்புடையது. பெயரை நம்பினால் ஒரு தவறு, குறியை நம்பினால் இன்னொரு தவறு. இங்கே கைகொடுப்பது தொடர் எண்தான்.

நிறத்திலும் வழுக்கும். கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறம் ஊகிப்பது ஆபத்து. முதல் போர்க் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். இரண்டாம் போரில் எல்லா நிறத்துக்கும் உணர்வுள்ள ஃபிலிம் வந்துவிட்டது என்றாலும் அதில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரியலாம். மெம்ஃபிஸ் பெல்லின் நீல உடையும் சிவப்பு உடையும் எந்தப் பக்கம் என்பது கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாத விஷயம். இப்போது கணினி ஏற்றித் தரும் நிறத்தை ஆதாரமாக எடுக்கவே கூடாது. நெகட்டிவைத் திருப்பி அச்சிட்ட படங்களும் உண்டு. எழுத்து சரியாகப் படிகிறதா, கதவும் குழாயும் சரியான பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்று பறக்கும், நிற்கும் விமானங்கள் அணிந்திருக்கும் படம் அவற்றுடையதாக இல்லாமல் இருப்பது மிகச் சாதாரணம். இதில் நமக்கு நெருங்கிய கதை ஒன்று உண்டு. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் சேதப்படுத்தி விட்டுச்சென்ற லிபரேட்டர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் மீட்டெடுத்தது. இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. உலக அருங்காட்சியகங்களில் இன்று மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று, 44-44052, பிரிட்டிஷ் படையிலும் இந்தியப் படையிலும் பணியாற்றியபின் அமெரிக்காவில் மீட்கப்பட்டு, அடுத்தடுத்து ‘ஆல் அமெரிக்கன்’, ‘தி டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்’, ‘விட்ச்கிராஃப்ட்’ என்று வேறு விமானங்களின் படங்களை அணிந்தது. அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர் ‘பங்கே பக்கரூ’ என்ற பெயர் தாங்கியிருக்கிறது. அதுவும் இந்திய விமானப்படையிலிருந்து போனதுதான். மரியாதைக்காகச் செய்தது, தவறில்லை. ஆனால் அதைப் படமெடுத்து ‘போர்க்கால மூக்கோவியம்’ என்று போட்டால் ஒரு பெங்களூர் விமானத்தின் வரலாறு மறைந்துபோகிறது. அந்த வரலாறும் சொல்லப்பட வேண்டியது.

படம் இல்லாததும் தேதி சொல்லும். சைப்பான் தீவிலிருந்த 73ஆவது விங்கின் பி-29களில் 1945இல் பெண் படங்களை அழித்துவிட்டு, சிறகுள்ள பந்தும் ஈட்டியும் கொண்ட பொதுச் சின்னத்தில் பெயரை மட்டும் எழுதச் சொன்னார்கள். ஒரே விமானம் பெண்ணோடு ஒரு படத்திலும் ஈட்டியோடு இன்னொரு படத்திலும் இருந்தால் முந்தியது எது என்று இப்போது சொல்லிவிடலாம்.

குறிகளின் மொழி

படத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பதிப்பிப்பவர்கள் அதற்குப் பக்கத்திலிருக்கும் குறிகளை இழந்துவிடுகிறார்கள். ஒரு குண்டு ஒரு தாக்குதல். இது அநேகமாக எங்கும் பொது. இத்தாலிக்குப் போய் வந்ததற்குப் பிரிட்டிஷ் குழுக்கள் ஐஸ்கிரீம் கூம்பு வரைந்தன. கரக்பூர் சுற்றிய வங்காளத் தளங்களிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்கு எரிபொருளும் குண்டும் சுமந்த பி-29கள் ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் ஒட்டகம் வரைந்தன; அந்த மலைவழிக்கு விமானிகள் ‘திமில்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மூக்கில் ஒட்டகம் இருந்தால் அந்த விமானம் இந்தியாவிலிருந்து பறந்தது என்பதற்கு அது வலுவான தடயம். 1944 ஆகஸ்டில் திருகோணமலை சீனன்குடாவிலிருந்து சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் புறப்பட்டவையும் இந்தக் கூட்டத்து பி-29கள்தான்.

குறிகளைப் படிக்கும்போது ஒன்றையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். சிரிக்கும் பெண்ணுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு குண்டும் ஓர் ஊரின் மேல் விழுந்தது. பசிபிக் களத்துப் படங்கள் சிலவற்றில் ஜப்பானியர்களை மனிதராகவே காட்டாத கேலிச் சித்திரங்கள் உண்டு. அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்குவது வரலாற்றைத் திருத்துவதாகும். விளக்கமில்லாமல் அழகுப் படங்களோடு சேர்த்து அச்சிடுவதும் அதே அளவு தவறு.

மூலத் தகடுகள்

போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான விமானங்கள் அர்கன்சாவின் வால்நட் ரிட்ஜ், அரிசோனாவின் கிங்மன் போன்ற இடங்களில் வரிசையாக நிறுத்தப்பட்டு உருக்கி அலுமினியக் கட்டிகளாக்கப்பட்டன. வால்நட் ரிட்ஜில் பிரித்தெடுக்கும் வேலையை மேற்பார்வையிட்ட ஒருவர் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களைத் தகட்டோடு வெட்டி எடுக்கச் செய்தார். டெக்சஸில் ‘கம்மெமரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ்’ காத்துவரும் தொகுப்பு அது. கனடா விமானப்படை அதிகாரி ஹெரால்ட் லிண்ட்சே 1945இல் இங்கிலாந்தில் இப்படியே ஹாலிஃபாக்ஸ் மூக்குகளைக் காப்பாற்றினார். அவை ஒட்டாவாவில் கனடாப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ‘ஃப்ரைடே தி 13த்’ விமானம் உடைக்கப்பட்டாலும் அதன் மூக்குத் தகடு ஆர்.ஏ.எஃப். அருங்காட்சியகத்தில் தப்பியது.

இவற்றில் ஒன்றின் முன் நிற்க வாய்த்தால் முதலில் ஓரத்தைப் பாருங்கள். வெட்டின் விளிம்பு கோணலாக இருக்கும். ஆணிகளைச் சுற்றி வண்ணம் விரிந்திருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி நின்று பார்த்தால், மேலே இருக்கும் பெண்ணுக்கு அடியில் முதல் குழு வைத்திருந்த பழைய பெயரின் எழுத்துகள் மேடாகத் தெரிவதும் உண்டு. அந்த மேடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், தகட்டில் எண் ஏதும் அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள், பிறகு படத்துக்கு வாருங்கள்.